ஷட்டர் திறக்கும் தூரம்

தெரு முனையில் திரும்பும்போதே ரிமோட்டை அழுத்திவிடுவது அவள் வழக்கம். அங்கே அழுத்தினால், வண்டி நாலைந்து வீடுகளைத் தாண்டி வந்து சேர்வதற்குள் கார் ஷெட்டின் ஷட்டர் முழுதாக மேலே ஏறியிருக்கும். பிரேக்கில் கால் வைக்காமல் ஒரே ஓட்டமாக உள்ளே போய்விடலாம். அன்றைக்கு அழுத்தினாள், ஷட்டர் அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள். கைக்குள் சிவப்புப் பொட்டு எரிந்ததே தவிர, தூரத்தில் அந்தச் சாம்பல் நிறத் தகடு மூடியது மூடியபடியே கிடந்தது. வேகத்தைக் குறைத்து, இன்னும் குறைத்து, விளக்குக் கம்பத்தடிக்கு வந்து கட்டைவிரல் வலிக்க அழுத்திய பிறகுதான், தூங்கி எழுந்த மாதிரி கரகரவென்று மேலே ஏறத் தொடங்கியது.

வேறு யாராவதாக இருந்தால் ரிமோட்டில் செல் தீர்ந்துவிட்டது என்று அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். அவளால் அப்படி விட முடியவில்லை. ரோட்டில் வண்டியை நிறுத்துவது என்றாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். முன்பு ஒரு நாள், சிவனே என்று சிக்னலில் நின்றுகொண்டிருந்த அவள் வண்டியைத்தான் ஒரு லாரி பின்னால் வந்து இடித்துச் சாலைத் தடுப்புவரை தள்ளிக்கொண்டு போனது. எலும்பெல்லாம் கூடிவிட்டது. நிற்கிற பயம் மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை. வண்டிச் சாவியைக் கண்ணால் பார்த்தாலே அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

அதிலிருந்து அவளை மீட்டது கணவர்தான். அவர் நாய் பழக்குகிறவர். கடிக்கிற நாய், குரைக்கிற நாய், பட்டாசுக்குக் கட்டிலடியில் ஒளிகிற நாய் எல்லாம் அவரிடம் வந்து சாதுவாகத் திரும்பும். கத்தமாட்டார், அடிக்கமாட்டார். முதல் நாள் அவளைக் காருக்குள் சும்மா உட்கார வைத்துக் கையில் டீயைக் கொடுத்தார். சாவியே கிடையாது. இன்னொரு நாள் எஞ்சினை மட்டும் போடச் சொன்னார். அப்புறம் கேட்டுவரை போய்த் திரும்பி வந்தார்கள். அவள் நடுங்கும்போதெல்லாம் ஜன்னலோரம் நின்று, காற்றைப் போன்ற அந்தக் குரலில், "அசையாம இரு. மூச்சை விடு. பார்த்தியா, ஒண்ணும் ஆகல" என்பார்.

"மிரண்டதை இழுத்துட்டுப் போகக் கூடாதும்மா. கொஞ்சம் கிட்ட கூட்டிட்டுப் போய் நிறுத்தணும். அதுவே பார்த்து, அதுவே மோந்து, ஒண்ணும் ஆகலன்னு அதுவே தெரிஞ்சுக்கணும். நாளைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட."

"அப்ப நான் நாயா?"

"சேச்சே. நாய்னா சொன்ன பேச்சைக் கேக்குமே."

அவள் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த லாரிக்குப் பிறகு சிரித்த முதல் சிரிப்பு அது. அவள் எங்கேயும் நிற்கவே வேண்டாம் என்றுதான் பழைய மரக்கதவை எடுத்துவிட்டு மோட்டார் ஷட்டர் போட்டார். அவளுக்கு அவர் புருஷன் மட்டுமில்லை, கால் ஊன்றி நிற்கிற தரை.

ஆகவே விஷயத்தை அவரிடம்தான் சொன்னாள். அவர் ரிமோட்டைப் பிரித்து, நாணயம் மாதிரி இருந்த செல்லை மாற்றிக் கொடுத்தார். மறுநாள் விளக்குக் கம்பத்திலும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மதில்வரை வரவேண்டியிருந்தது. அந்த வாரத்துக்குள்ளேயே தங்கள் கேட்டில் வந்து நிற்கிற நிலைமை. அப்புறம் கேட்டைத் தாண்டி, ஷட்டரின் தகட்டில் பம்பர் உரசுகிற அளவுக்குப் போய், ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து, கையைக் கண்ணாடிவரை நீட்டி அழுத்தினால்தான் மோட்டார் காதில் வாங்கியது. சில நாள் அதுவும் வாங்காது. எஞ்சினை அணைத்துவிட்டு, முதுகு கூசக் கூச, பின்னாலிருந்து ஏதாவது வந்து இடித்துவிடுமோ என்று உட்கார்ந்திருப்பாள். ஷட்டரின் அடியில் இருக்கும் ரப்பர் பட்டை ஒரு மூலையில் பிய்ந்து, ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதன் வழியே உள்ளிருந்து ஒரு வாடை வரும்.

வாடை என்றால் அவளுக்குத் தெரியும். சலவைக்கடையில் துணி வாங்கி, அடையாளத் துண்டு குத்தி, கறை பார்த்துப் பிரிக்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே, இது சமையல்காரர் சட்டை, இது ஆஸ்பத்திரிக்காரம்மா கோட்டு என்று சொல்லிவிடுவாள். கார் ஷெட்டில் பெட்ரோல் இருக்கும், டயர் இருக்கும், தூசி இருக்கும். இது அதெல்லாம் இல்லை. ஈரக் கம்பளியை இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் வைத்த வாடை. அதற்குக் கீழே, மங்கலாக, தன் சோப்பு வாசனையும் வந்தது போலிருந்தது. பிரமை என்று ஒதுக்கிவிட்டாள்.

"எலி செத்திருக்கும்" என்றார் அவர்.

"எனக்கு அங்க நிக்க முடியலங்க. நெஞ்சு அடைக்குது."

"நின்னு பாரும்மா. சட்டுனு உள்ள பாயாம, கொஞ்ச நேரம் நின்னுட்டு வா. பழகிடும்."

பேச்சு என்னவோ அக்கறையான பேச்சுதான். ஆனால் அவள் நிற்கவே கூடாது என்று ஷட்டர் போட்ட மனுஷன், நின்று பார் என்கிறாரே! மனசில் சுருக்கென்று தைத்தது. வாடிக்கையாளர்கள் வேறு குறைந்துவிட்டார்கள், அவருக்கு ஆயிரம் கவலை இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

நாய்கள் வராமல் போனதும் உண்மைதான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் எதையோ தார்ப்பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ ரோட்டோரமாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், பயந்து நடுங்குகிறது, ரெண்டு நாள் ஷெட்டில் இருக்கட்டும் என்றார். சமையலறை ஜன்னலிலிருந்து அவள் பார்த்தது, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அவர் அதைத் தூக்கியிருந்ததையும், தார்ப்பாயிலிருந்து தொங்கிய கால்கள் அவர் முழங்காலுக்குக் கீழே வந்ததையும்தான். என்ன ஜாதி நாய் என்று கேட்டதற்கு, கலப்பு என்றார். அப்புறம் ஒரு நாள், சொந்தக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னார். அதற்குப் பிறகு பழக வந்த நாய் ஒன்றுகூடக் கேட்டைத் தாண்டவில்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, தோல் பட்டை கழுத்தை அறுத்தாலும் வரமாட்டேன் என்று அடம் பிடித்தன. அவர் மைதானத்துக்குப் போய்ப் பழக்க ஆரம்பித்தார்.

அவள் வேலை செய்கிற கடைக்கு ஷட்டர் மெக்கானிக் ஒருவர் கிரீஸ் அப்பிய துணிகளைக் கொண்டுவந்து போடுவார். ஊரில் பாதி ஷட்டர் அவர் போட்டது; பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஷட்டர் அண்ணன் என்றால் தெரியும். ஒரு நாள் அவரிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

"செல்லு மாத்தியாச்சா?" என்றார்.

"மாத்தியாச்சுண்ணே."

"மோட்டார் கிட்ட புதுசா எல்இடி பல்பு ஏதாவது போட்டீங்களா? சில மட்டமான பல்பு கொசு மாதிரி ஙொய்ங்னு அலையைக் கிளப்பிட்டே இருக்கும், ரிமோட் பேசுறது மோட்டாருக்குக் கேக்காது. அதைக் கழட்டிட்டுப் பாரு. அதுலயும் சரியாகலன்னா ஏரியல்தான். மோட்டார் பெட்டிக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு ஒயர் தொங்கும். அதுதான் அதோட காது. மேல சுருட்டி வெச்சிருந்தாலோ அறுந்திருந்தாலோ தூரம் குறைஞ்சுபோகும்."

"நீங்களே ஒரு நடை வந்து பாருங்களேன்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நான் வரேன்னுதானேம்மா சொன்னேன். கேட் கிட்ட நீ வண்டியோட முழிச்சிட்டு நின்னதைப் பார்த்துட்டு உங்க வீட்டுக்காரருக்குப் போன் அடிச்சேன். வேண்டாம், நானே பார்த்துக்கறேன்னுட்டாரு. உங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. பில் புத்தகத்தைப் புரட்டுகிற சாக்கில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். வீட்டு விஷயம் கடை வாசலில் நின்று தெரியவருகிறதே என்று ஒரே அவமானமாக இருந்தது.

அன்று ராத்திரி அவரிடம் எதையும் கேட்காமல், ஷெட்டின் பல்பை மட்டும் கழற்றி வைத்தாள். மறுநாளும் அதே கதைதான். இந்தத் தரம் வண்டியை விட்டு இறங்கி, ஒரு கையை ஷட்டரில் ஊன்றி, ரிமோட்டைத் தகட்டோடு ஒட்டி வைத்து அழுத்த வேண்டியிருந்தது. தகட்டுக்கு அந்தப் பக்கம், அவள் உள்ளங்கைக்கு நேராக, ஏதோ லேசாக உரசி நகர்ந்தது. எலி என்று சொல்லிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினாள். கணவர் மைதானத்தில் இருக்கிற நேரம். காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய், சமையலறைச் சுவரில் இருக்கும் பட்டனை அழுத்தினாள். அது ஒயரில் ஓடுகிற பட்டன், மக்கர் பண்ணாது. ஷட்டர் ஒழுங்காக மேலே ஏறியது. சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ஷெட்டுக்குள் இறங்கினாள். வெயில் பாதித் தரைவரைக்கும் விழுந்திருந்தது. பின்பாதியில் பரணும், பரணுக்கடியில் இருட்டும். மோட்டார் அந்த இருட்டுக்கு முன்னால் உத்தரத்திலிருந்து தொங்கியது. ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

முழ நீளத்துக்குத் தொங்கவேண்டிய ஒயர் கட்டைவிரல் அளவுக்கு நின்றிருந்தது. எலி கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும். கத்தரி பட்டால் நேராக இருக்கும். துணியில் அவள் தினமும் பார்க்கிற வித்தியாசம் அது. இது நேராக இருந்தது. நுனியில் செம்பு புத்தம் புதிதாக மின்னியது. மோட்டார் பெட்டியின் மேல் மூடியில், தூசிக்கு நடுவே, வெட்டிப் போட்ட துண்டுகள் சின்னச் சின்னதாகக் கிடந்தன. ஒரே வெட்டில் வெட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல், நாளுக்குக் கொஞ்சமாக.

இந்த வீட்டில் கத்தரி பிடிக்கிற கை இரண்டு பேருடையதுதான்.

அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னாள். கோபம் வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. எதற்கு? நிற்கப் பயப்படுகிறவளைத் தினமும் ஓரடி கிட்டே கொண்டுவந்து நிறுத்தி, இருட்டும் வாடையுமாகக் காக்க வைத்து, இதில் இவருக்கு என்ன கிடைக்கிறது?

பிடிமானத்துக்குப் பரண் விளிம்பில் கை வைத்தபோது துணி தட்டுப்பட்டது. இழுத்தாள். அவளுடைய பருத்தித் துப்பட்டா. அதற்குப் பின்னால் வீட்டில் போடுகிற பழைய சட்டை. அதற்கும் பின்னால் ஸ்வெட்டர். கடையில் துவைக்கப் போட்டுத் தொலைந்துவிட்டதாக அவள் நினைத்ததெல்லாம் இங்கேதான் இருந்தது. இதற்காகக் கடையில் இஸ்திரி போடுகிற நெட்டையனைத் திருடன் என்று அவள் கத்தியதில், அவன் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. துணிகள் குப்பலாகக் கிடக்கவில்லை. பரணின் கோடியிலிருந்து விளிம்புவரைக்கும் வரிசையாக, இடம் விட்டு இடம் விட்டு வைக்கப்பட்டிருந்தன. புதிதாக வந்த நாய்க்கு எஜமானியின் துணியைப் போட்டு வாசனை பழக்குவார் அவர். முதலில் தூரத்தில். அப்புறம் கிட்டே.

துப்பட்டா அட்டை மாதிரி விறைத்திருந்தது. கஞ்சி இல்லை. அவளுக்குத் தெரியும். எச்சில் திரும்பத் திரும்பப் பட்டுக் காய்ந்தால் துணி இப்படித்தான் ஆகும். விரல் பட்ட ஓரிடம் இன்னும் காயவில்லை.

சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. யாரும் எதையும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அப்போது மோட்டார் உறுமியது. அவள் காதுக்குப் பக்கத்திலேயே உறுமியதில் தூக்கிவாரிப்போட்டது. ஷட்டர் இறங்க ஆரம்பித்தது.

"என்னங்க! என்னங்க, நான் உள்ள இருக்கேன்!"

சமையலறைக் கதவு மூடியிருந்தது. எப்போது மூடியது என்று தெரியவில்லை. அதற்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"தெரியும்மா."

ஸ்டூலிலிருந்து குதித்து ஓடியிருந்தால் வெளியே போயிருக்கலாம். வெயில் இன்னும் இடுப்பளவு இருந்தது. கால் இறங்கப் பார்த்தது.

"அசையாம இரு" என்றார். "மூச்சை விடு."

அவள் அசையவில்லை. அதுதான் கொடுமை. எத்தனை நாள் அந்தக் குரலுக்கு அசையாமல் உட்கார்ந்து உயிர் பிழைத்தவள்! உடம்பு அவளைக் கேட்காமலேயே அவர் சொன்னதைக் கேட்டது. மூச்சைக்கூட விட்டது. வெளிச்சம் முழங்காலுக்கு வந்தது, கணுக்காலுக்கு வந்தது, ஷட்டர் தரையில் தட்டி நின்றது. பிய்ந்த ரப்பர் மூலையில் மட்டும் ஒரு கீற்று. பல்பு இருக்கவேண்டிய இடத்தில் பல்பு இல்லை. அவளே கழற்றியது.

"கதவைத் திறங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"நீ எப்பப் பார்த்தாலும் வண்டியோட பாய்ஞ்சு வந்துட்டு ஓடிடறே. அது மிரண்டு போய் மேல ஏறிடுது. ராத்திரி பூரா அழுதுட்டே இருக்கு, நான்தான் வந்து உக்காந்திருக்கேன். நீ நின்னாதானேம்மா அது உன்னைப் பார்க்கும்?" அவர் குரலில் ஒரு துளி கோபம் இல்லை. "இப்ப எவ்வளவோ தேவலை. நேத்து உன் கைகிட்ட வந்துச்சு, தெரியுமா?"

"என்னை... எனக்குப் போய்... நான் உங்களை நம்பினேனே!"

"தெரியும்மா."

குளிர்சாதனப் பெட்டியின் முனகல் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டென்று நின்றது. மெயினை அணைத்துவிட்டார். பையில் இருந்த ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மோட்டாருக்கு ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை அவள். சிவப்புப் பொட்டு எரிந்தது. அந்தச் சின்ன வெளிச்சத்தில் பரண் விளிம்பு தெரிந்தது. அணைந்தது. மறுபடி அழுத்தியபோது, விளிம்பில் வரிசையாக எதுவோ பற்றிக்கொண்டிருந்தது. விரல்கள் என்று சொல்லலாம். நீளமாக இருந்தன. அவளைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்தன.

ரிமோட் கையை விட்டு விழுந்தது. தரையில் உருண்டது. எங்கேயோ நின்றது.

பலகை முனகியது. ஈரக் கம்பளி வாடை. கிட்டே.

கரண்ட் போனால் ஷட்டரைக் கையால் தூக்க, மோட்டாரின் தண்டிலிருந்து ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் மோட்டாரின் பிடி விட்டுவிடும். அவளுக்கு அது தெரியும். கையைத் தூக்கினாள். காற்றைத் துழாவினாள். தண்டு கிடைத்தது. அதைப் பிடித்தபடி விரலை நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். இதோ.

தொங்கிக்கொண்டிருந்ததை எட்டிப் பிடித்தாள்.

கயிறு இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே நாடி துடித்தது. அவள் கைக்குள் அது ஒரு கணம் மிரண்டு விறைத்தது. அப்புறம் மெல்லத் திரும்பி, அவள் மணிக்கட்டைச் சுற்றி மடங்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தலை வகிட்டில் மூச்சுக் காற்று பட்டது. முகர்ந்தது. நிதானமாக, ஆசையாக முகர்ந்தது.

கதவுக்குப் பின்னால் அவர் குரல், அவளைக் காருக்குள் உட்கார வைத்துப் பேசிய அதே குரல், சன்னமாக ஆரம்பித்தது.

"பயப்படாதடா கண்ணு. மெதுவா. அவ ஒண்ணும் பண்ண மாட்டா, ரொம்ப நல்லவ. அப்படித்தான்... இப்ப வாயைத் திற."